மதிலுக்குள் ஒரு மதிய வகுப்பு

யாரும் கேட்க விரும்பாத விஷயத்தை, எழுந்து வெளியே போக முடியாதவர்களிடம் பேசுவதுதான் என் தொழில். எச்.ஐ.வி. ஆலோசகர் என்று அதற்குப் பெயர். புதன்கிழமைதோறும் மோகனூரில் பஸ் ஏறி, நாமக்கல்லில் மாறி, சேலத்துப் பக்கம் இருக்கும் ஒரு சிறைச்சாலைக்குப் போவேன். இந்த நோய் எப்படி வரும், எப்படி வராது, வந்தால் என்ன செய்யலாம் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு வருவேன். சாப்பாட்டு மணிக்குப் பிறகு வகுப்பெடுத்த வாத்தியார்களும், கல்யாண வீட்டில் இன்சூரன்ஸ் பற்றிப் பேச்செடுத்த ஏஜென்டுகளும் என் பாட்டை உடனே புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

தூக்கத்தில் விழிப்புணர்வு

எனக்குக் கிடைத்த இடம் தறிக்கூடத்தை ஒட்டிய ஒரு ஓட்டுக் கொட்டகை. நேரம், மதியச் சோறு முடிந்த கையோடு. வெளியே ஒரு வேப்பமரம் பூவை உதிர்த்துக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் முற்றம் முழுக்கக் கானல், தண்ணீர் தேங்கி நிற்பது போல நெளியும். அந்த வாசனைக்கும் அந்தக் காற்றுக்கும், குற்றம் செய்தவர், செய்யாதவர் எல்லோருக்கும் கண் சொருகும்.

முதல் நாள் நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாதித் தலைகள் தொங்கிவிட்டன. காவலுக்கு வந்த வார்டர் ராமலிங்கம் கதவோரத்து நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகவே தூக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். படம் போட்ட அட்டையைக் கையில் பிடித்தபடி நான் மட்டும் விழித்திருந்தேன். யாரோ காணும் கனவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. தூங்குகிறவர்களை எழுப்ப மனசு வரவில்லை. பேசப் பேச என் குரலே இறங்கிக்கொண்டு போனது. ரத்தம், ஊசி, ஆணுறை எல்லாவற்றையும் ஏறக்குறையத் தாலாட்டு ராகத்தில்தான் சொல்லியிருப்பேன். விழிப்புணர்வு முகாமை இப்படி நடத்திய ஆள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசியில் வெட்கப்பட்டு நிறுத்தினேன். முன்வரிசையில் சுவரில் சாய்ந்திருந்த பெரிய மீசைக்காரர் அசைந்தார். பழனிசாமி என்று பெயர். நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். லாரிப்பட்டறை ஒன்றில் நடந்த சண்டையில் ஒரு ஆள் செத்துப்போன வழக்கில் தண்டனை. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நிறுத்தாதீங்க மேடம். பொம்பளைக் குரல் கேட்டுக்கிட்டே தூங்கி ரொம்ப வருசமாச்சுங்க. நீங்க பாட்டுக்குப் பேசுங்க, காதுல உளுந்துக்கிட்டுத்தான் இருக்குது."

கொசு

எந்த ஊரில் பேசினாலும் ஒரு கொசுக் கேள்வி வரும். "எச்.ஐ.வி. உள்ளவரைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் வருமா?" வராது. கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமி பிழைக்காது. ஒருவரிடம் குடித்த ரத்தத்தைக் கொசு இன்னொருவர் உடம்பில் கொண்டுபோய்ச் செலுத்துவதும் இல்லை. இந்தப் பதிலை நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். கேட்பவர்களும் பெரும்பாலும் தூக்கத்தில்தான் கேட்பார்கள்.

ஒரு புதன்கிழமை கேட்டவர் பழனிசாமி. ஆனால் அவர் கேள்வி வேறு. போன வாரம் ஒரு கனவு கண்டாராம். அவர் கையில் ஒரு கொசு உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்துவிட்டு எழுந்து பறக்கிறது. மதிலைத் தாண்டுகிறது. ராசிபுரம், புதுச்சத்திரம் எல்லாம் கீழே போகப் போக ரோட்டோடு பறந்து, கோழிப்பண்ணைகளின் நீளமான கூரைகளைத் தாண்டி, நாமக்கல்லில் அவர் வீட்டு ஜன்னல் வழியாக நுழைகிறது. கட்டிலில் அவர் மகள் தூங்குகிறாள். அவள் கை மேல் உட்காருகிறது. அப்போது விழிப்பு வந்துவிட்டதாம். "அதுக்கப்புறம் என்னாச்சுன்னு நீங்கதான் சொல்லணும்" என்பது போல என்னையே பார்த்தார். மகளுக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சொட்டு ரத்தம்கூட அப்படிப் போய்ச் சேராது, கவலையே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. "அப்ப எம்பட ரத்தத்துல ஒரு சொட்டுக்கூட இந்த மதிலைத் தாண்டி அந்தப் புள்ளகிட்டப் போகாதுங்களா மேடம்?" என்றார்.

பிளேடு

சிறைக்குள் சவரம் செய்துவிடுபவரும் ஒரு கைதிதான். ஒரே பிளேடு பல முகங்களில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு புதுப் பிளேடு வேண்டும் என்று வார்டர் ராமலிங்கத்திடம் கேட்டேன். ஆத்தூர்க்காரர். கோபப்படவே தெரியாத மனிதர். நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். ரத்தத்தின் மூலம் பரவும் மற்ற நோய்களையும் சேர்த்துச் சொன்னேன், அதற்கும் தலையாட்டினார். பிறகு என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், முற்றத்தில் வெயில் காய்வது போல உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார். இத்தனை பேருக்கு இத்தனை பிளேடு கொடுத்தால் அத்தனையும் திரும்பித் தன் கைக்கு வரவேண்டும், ஒன்று குறைந்தாலும் அன்று ராத்திரி யாரும் தூங்க முடியாது என்றார்.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். ராமலிங்கத்தின் எதிரிலேயே புதுப் பிளேடு மாட்டுவது, ஒரு முகம் முடிந்ததும் அதை அவர் வைத்திருக்கும் டப்பாவிலேயே போட்டுவிடுவது. சவரத்துக்கு முழு நாள் பிடித்தது. ராமலிங்கம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நான் நன்றி சொல்லப் போனேன். "நமக்குள்ள சண்டை ஒண்ணும் கிடையாதும்மா. நீங்க நோய்க்குப் பயப்படறீங்க, நான் கழுத்துக்குப் பயப்படறேன், அவ்வளவுதான்" என்றார்.

மழைச் சத்தம்

ஒரு புதன்கிழமை ரத்தப் பரிசோதனை வைத்தோம். விருப்பம் உள்ளவர்கள் மட்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிற மாதிரி நடிக்கும் தூக்கத்தை அன்றுதான் முதல் தடவையாக அந்தக் கொட்டகையில் பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து கையை நீட்டினார். தங்கவேல். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு உள்ளே வந்தவர். பங்காளி பிழைத்துக்கொண்டார். அவருக்கும் இவருக்கும் சேர்த்துத் தண்ணீர் இப்போதும் அதே வாய்க்காலில்தான் ஓடுகிறது. அவர் எழுந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு மற்றவர்கள் வந்தார்கள். பழனிசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்தார்.

பழனிசாமிக்கு இல்லை என்று வந்தது. தங்கவேலுக்கு இருந்தது. மறுபடி இரண்டு முறை பார்த்துச் சரிதான் என்று ஆனபிறகு, ஆஸ்பத்திரி அறை ஒன்றில் அவரைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன். எப்படி வந்தது என்று நான் துருவுவதில்லை. அவராகவே, கொடிக்கால் படுத்துப்போன காலத்தில் வாழைத்தார் லோடோடு வெளிமாநிலம் போய்வந்ததாக மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மருந்து இருக்கிறது, தினம் சாப்பிட்டால் எல்லோரையும் போல ஆயுசு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலில் வானம் தெரியாது, எதிர்ச்சுவர்தான் தெரியும். "ஏனுங்க மேடம், வெளியில மழைங்களா?" என்று கேட்டார். நல்ல வெயில் என்றேன். "அப்படீங்களா," என்றார். "எனக்கு ஓட்டு மேல மழை கொட்டற மாதிரியே கேக்குதுங்க."

கனவு மாத்திரை

கூட்டு மருந்து ஆரம்பித்தது. தினம் ஒரு மாத்திரை, படுக்கப் போகும்போது. அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. சிலருக்கு ஆரம்பத்தில் கனவு பலமாக வரும். பயந்துபோய் நிறுத்திவிடுபவர்களும் உண்டு என்பதால் நான் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். அடுத்த புதன்கிழமை தங்கவேல் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். கனவு வருகிறதாம். கொடிக்காலுக்குள் நடக்கிறாராம். அகத்தி மரங்களுக்கு நடுவே குளிர்ச்சியாக இருட்டிக்கிடக்கிறதாம். கணுக்கால் வரை வாய்க்கால் தண்ணீர். ஈரமண் வாசனைகூட வருகிறதாம். எங்கேயோ நாலு பாத்தி தள்ளி அவர் மனைவி வெற்றிலை கிள்ளும் சத்தம் கேட்கிறது, ஆனால் ஆள் தெரிவதில்லை. காலையில் எழுந்தால் கால் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறாராம்.

டாக்டரிடம் சொன்னேன். தொந்தரவாக இருந்தால் மாத்திரையைக் காலையில் போட்டுக்கொள்ளட்டும், கனவு குறைந்துவிடும் என்றார். அதைப் போய்த் தங்கவேலிடம் சொன்னதும் பதறிவிட்டார். "வேண்டாமுங்க மேடம், ராத்திரியே இருக்கட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இதில் ஒரு சிக்கல். ரத்தக் கொதிப்புக்கு மருந்து என்றுதான் அறையில் இருந்தவர்களிடம் சொல்லியிருந்தார். கனவை மட்டும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலைக் கஞ்சிக்கு உட்காரும்போது, நேற்று எந்தப் பாத்தி வரை போனேன் என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். வகுப்பு முடிந்து நான் கிளம்பும்போது பழனிசாமி வழியை மறித்தார். "மேடம், எனக்கும் கொஞ்சம் கொதிப்பு இருக்குதுங்க. தங்கவேலுக்குக் குடுத்த அந்த மாத்திரையில ஒண்ணு எனக்கும் எழுதித் தரச் சொல்லுங்களேன்."

ஒட்டுமா, ஒட்டாதா

விஷயம் எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. காவலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வருகிறவரைப் பார்த்து யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான் போனபோது தங்கவேலின் தட்டும் டம்ளரும் கதவோரத்தில் தனியாகக் கிடந்தன. பாய் மூலைக்குப் போயிருந்தது. அவரைச் சுற்றி நாலு ஆள் படுக்கிற இடம் காலி. ஒருவரோடு ஒருவர் இடித்துக்கொண்டு படுக்கும் அந்த அறையில் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு நாளாக மாத்திரையையும் விட்டுவிட்டார். இனி எந்தக் கனவு வந்து என்ன என்றார்.

அன்றைய வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. யார் பெயரையும் நான் சொல்லக்கூடாது, சொல்லவும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, பக்கத்தில் படுத்தால் வராது, இருமினால் வராது, ஒரே கக்கூஸுக்குப் போனால் வராது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக, ரொம்ப தூரத்திலிருந்து கேட்டது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது பழனிசாமி பேசினார். இதையெல்லாம் இந்தம்மா முதல் நாளே சொல்லியாச்சு, நான் கண்ணை மூடிக்கிட்டே எல்லாம் கேட்டேன் என்று எல்லோரையும் பார்த்து ஒரு அதட்டல். பிறகு தூக்கத்தில் கேட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். நான் சொன்ன அதே ராகத்தில்!

அடுத்த வாரம் போனபோது தங்கவேலின் பாய்க்குப் பக்கத்தில் பழனிசாமியின் பாய் கிடந்தது. மாத்திரை மறுபடி ஆரம்பித்திருந்தது. மெதுவாக மற்ற பாய்களும் நெருங்கி வந்துகொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மனசு உங்களுக்கு என்று பழனிசாமியிடம் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "மனசெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நோயி ஒட்டாதுன்னு நீங்க சொல்லிப்போட்டீங்க, சரி, அந்தக் கனவாச்சும் ஒட்டுதான்னு படுத்துப் பாக்கறனுங்க" என்றார்.

சரசு

சிறையில் ஆளைப் பார்க்க வருகிறவர்கள் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்த வேண்டும். அந்தப் பக்கமும் கத்துவார்கள். கோழி வளர்ந்ததையும் மாமனார் செத்ததையும் ஒரே சுருதியில்தான் சொல்ல முடியும். இந்த விஷயத்தை மனைவியிடம் அப்படிக் கத்திச் சொல்ல முடியாது என்றார் தங்கவேல். சொல்லாமல் இருக்கவும் முடியாது. அவளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிறை அதிகாரி மனிதத்தன்மை உள்ளவர். ஒரு அறையும் ஒரு மேஜையும் ஒதுக்கிக் கொடுத்து, என்னையும் உடன் இருக்கச் சொன்னார்.

சரசு வந்தார். விரல் நுனியெல்லாம் வெற்றிலைக் கறை. புருஷன் உள்ளே வந்த நாளிலிருந்து கொடிக்காலைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். தங்கவேல் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். வெளியே கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு மதில் மேல் பறந்து போயின. சரசு அவற்றையே பார்த்தார். அறையில் இல்லாதவர் போல ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் மட்டும், தான் எங்கே போய்ப் பார்க்க வேண்டும், பிள்ளைக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். முதலில் நீங்கள் பாருங்கள், உங்களுக்கு இருந்தால்தான் பிள்ளைக்கு என்றேன். தங்கவேல் அழுதுகொண்டிருந்தார். நீங்கள் அழவேண்டும் என்றால் அழுதுவிடுங்கள், நான் வெளியே இருக்கிறேன் என்று எழுந்தேன். சரசு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இல்லீங்க மேடம். இப்ப அழுதா நாலு மணி பஸ்ஸை உட்டுப்போடுவேன். நாளைக்குக் கொடிக்கால்ல ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க, அங்க அழுதுக்கறேன்."

தங்கவேல் உள்ளே வந்து வருஷங்கள் ஆகியிருந்ததால், சரசுவுக்கு மறுபடி பார்க்கத் தேவையில்லை, முதல் பரிசோதனையில் வந்ததுதான் முடிவான பதில்: இல்லை. தகவலைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்துத் தங்கவேலிடம் சொன்னேன். சரசு அதற்குப் பிறகு இரண்டு மாதம் பார்க்க வரவில்லை. மூன்றாம் மாதம் வந்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று, ஊரே கேட்கிற மாதிரி கத்தினாராம்: "மாத்திரையைத் தின்னீங்களா?"

வெற்றிலைச் சந்தை

எங்கள் தொழிலில் ஒரு விதி. உள்ளே பார்த்தவரை வெளியே பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக்கூடாது. அவராகச் சிரித்தால் சிரிக்கலாம். இல்லாவிட்டால் பஸ் நம்பரைப் பார்க்கிற மாதிரி அவரைத் தாண்டிப் பார்க்க வேண்டும். இந்தப் பார்வை எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. சமயத்தில் சொந்தக்காரர்களையே அப்படிப் பார்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

பின்பனிக் காலத்து விடியல் ஒன்றில், ஒரு கல்யாணத்துக்காகப் பரமத்தி வேலூருக்குப் போயிருந்தேன். தாம்பூலத்துக்கு வெற்றிலை வாங்கிவர என்னைச் சந்தைக்கு அனுப்பினார்கள். காவிரிப் பக்கமிருந்து பனி இறங்கி ரோட்டையே மூடியிருந்தது. அதற்குள் மனிதர்கள் பாதி உருவமாக வெற்றிலைக் கூடைகளோடு மிதந்து வந்தார்கள். இரண்டு கூடைக்கு அந்தப் பக்கம் தங்கவேல். தண்டனை முடிந்து போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. கன்னம் உப்பி, நெற்றியில் திருநீறு பூசி, வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டுவதில் முனைந்திருந்தார். கடைசியாகப் பார்த்த பரிசோதனையில் ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே சிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் சரசு வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். விதியை மறந்து நான் நின்று பார்த்துவிட்டேன். தங்கவேலும் நிமிர்ந்தார். ஒரு நிமிஷம், பனிக்குள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

பக்கத்துக் கூடைக்காரர் ஒருவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனப்பா, அந்தம்மா உன்னையே பாக்குது, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். சரசு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தங்கவேல் என் முகத்தை நன்றாக, நிதானமாக, ஆசை தீரப் பார்த்தார். பிறகு குனிந்து கவுளியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "தெரியலீங்க. ஆரோ டவுனு டீச்சரம்மா போல இருக்குது."

நம்மை நன்றாகத் தெரிந்தவர் நாலு பேர் முன்னால் தெரியாது என்று சாதித்துவிட்டுப் போனால், வெற்றிலை வாங்க மறந்து கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பிப் போகிற அளவுக்குச் சந்தோஷப்படுகிற தொழில் இந்த உலகத்தில் இன்னொன்று இருந்தால் சொல்லுங்கள், அவர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொள்கிறேன்.